ஒரு கிளைக்கு ஒரே சொல்

அத்தாயா, கெர்கென்னாத் தீவு
9 ஜனவரி 2009

அன்புத் தம்பி நவ்ஃபலுக்கு,

அக்கா நெஸீஹா எழுதுவது. உனக்கும் உன் மனைவி உல்ஃபாவுக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

போன் பண்ணாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். அப்பா பேச்சை எடுத்தாலே, "அக்கா, சிக்னல் விட்டு விட்டு வருது, அப்புறம் பேசறேன்" என்கிறாய். தலைநகரத்தில் கிடைக்காத சிக்னல் இந்தத் தீவில் எனக்கு மட்டும் எப்படித்தான் கிடைக்கிறதோ! காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். மஹ்தியாவில் ஒரு பெண்கள் விடுதியில் தலைமைச் சமையல்காரி வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். உத்தரவு வந்துவிட்டது. மார்ச் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு அடுப்படியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பட்டியலில் அடுத்தவளைக் கூப்பிட்டுவிடுவார்கள். எனக்கு நாற்பத்திரண்டு வயது. இன்னொரு உத்தரவு எனக்கு வராது. தங்குவதற்குச் சமையலறைக்குப் பின்னால் ஒரு கட்டில் தருகிறார்கள். ஆண்களுக்கு அங்கே அனுமதி இல்லை, படுத்த படுக்கையான ஆணுக்கும்தான்.

ஆகவே பிப்ரவரி கடைசியில் அப்பாவை நீ வந்து அழைத்துக்கொண்டு போக வேண்டும். பக்கவாதம் வந்து விழுந்த நாளிலிருந்து நாலு வருடம் நான் பார்த்தேன். இனி நீ பார்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அருவருப்பாக இருக்கிறது, தம்பி. காலையில் துணியைப் பிரிக்கும்போது வயிற்றைப் புரட்டுகிறது. முதுகுப் புண்ணில் மருந்து வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். மூக்குப் பழகியது, வயிறு பழகவில்லை. பார்லிக் கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் என் விரலே நாறுகிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகவில்லை. பெற்ற தகப்பனைப் பார்த்து மகள் இப்படி எழுதலாமா என்று கேட்காதே. கழுவுகிறவள் நான், அதனால் எழுதுகிற உரிமையும் எனக்குத்தான்.

பெருநாளைக்கு வந்தாய். நிலைப்படி தாண்டுமுன்பே அத்தர் போட்ட கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாய். அப்பா அதைப் பார்த்தார். அவருக்கு வலப்பக்கம்தான் அசையாது, கண் நன்றாகவே தெரியும். போகும்போது ஆட்டுத் தொடையை மட்டும் மூக்கைப் பொத்தாமல் வாங்கிக்கொண்டு போனாய்.

பதில் எழுது.

அக்கா
நெஸீஹா


துனிஸ்
16 ஜனவரி 2009

பிரியமுள்ள அக்காவுக்கு,

தம்பி நவ்ஃபலின் ஸலாம். உன் கடிதம் கண்டேன். வேலை கிடைத்ததற்கு மனமார்ந்த வாழ்த்துகள்! கைக்குட்டை விஷயத்தை நீ தவறாக எடுத்துக்கொண்டாய். அன்று எனக்குச் சளி.

அப்பா விஷயத்தை ஆத்திரத்தில் முடிவு செய்யக் கூடாது, அக்கா. நீ உணர்ச்சிவசப்பட்டு எழுதியிருக்கிறாய். உன் மனத்தில் எல்லாம் கலந்து கிடக்கிறது, அதைப் பிரித்து அடுக்க ஒரு வழி இருக்கிறது. காப்பீட்டு அலுவலக வேலை போக, சனிக்கிழமைகளில் நான் ஒரு பயிற்சி வகுப்பு எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? மனவரைபடம் என்பது அதன் பெயர். பெரிய பெரிய அதிகாரிகள் வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள்.

செய்வது சுலபம், ஆனால் விதிகளை மீறக் கூடாது. காகிதத்தைப் படுக்கை வசத்தில் வைத்துக்கொள். நடுவில் பிரச்சினையைப் படமாக வரை, எழுத்தாக அல்ல. படத்தில் மூன்று நிறமாவது இருக்க வேண்டும். அதிலிருந்து கிளைகள் வளைந்து வர வேண்டும், நேர்க்கோடு கூடவே கூடாது. கிளைக்குக் கிளை நிறம் மாற வேண்டும். முக்கியமான விதி இதுதான்: ஒரு கிளைக்கு ஒரே சொல். வாக்கியம் எழுதினால் எல்லாம் கெட்டது. அப்பாவை நடுவில் வைத்து ஆரம்பி, வழி தானாகத் தெரியும்.

இத்துடன் ஆறு வண்ணப் பேனா அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு பழத்தின் வாசனை வரும். உனக்குப் பிடிக்கும்.

அப்பாவின் கையை நான் முத்தமிட்டதாகச் சொல்.

உன் அன்புத் தம்பி
நவ்ஃபல்


அத்தாயா
25 ஜனவரி 2009

தம்பி நவ்ஃபலுக்கு,

பார்சல் வந்தது. நான் கேட்டது உன்னை, வந்தது பேனா.

பிரிக்கும்போது பக்கத்து வீட்டு மொஞ்ஜியா கூட இருந்தாள். அப்பாவைப் புரட்டிப் போட ஒரு கை குறைகிறது என்று தினமும் பத்து மணிக்கு வருகிறவள் அவள்தான், உனக்குத் தெரிந்திருக்காது.

"என்னடி இது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பேனாவா?" என்றாள்.

"தம்பி அனுப்பியிருக்கான். அப்பாவை யார் பாத்துக்கறதுன்னு இதால வரையணுமாம்."

"வரைஞ்சு முடிச்சா உங்கப்பா தானே எழுந்து கழுவிக்குவாராமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பாழாய்ப்போன சிரிப்பு. சரி, படித்தவன் சொல்கிறான், செய்துதான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். காகிதத்தைப் படுக்கப் போட்டேன். நடுவில் அப்பாவை வரைந்தேன், மூன்று நிறத்தில். கிளைகளை வளைத்து வளைத்து இழுத்தேன். மொஞ்ஜியா எட்டிப் பார்த்துவிட்டு, "கணவாயா? எட்டுக் கால் சரியா இருக்கு, தலைதான் கோணல்" என்றாள். நம் கடலில் பானை போட்டுப் பிடிக்கிற எட்டுக்கால் கணவாய்தான், தம்பி, உன் மனவரைபடம். ஒரு வித்தியாசம், அதைப் பாறையில் அடித்துத் துவைத்தால் தின்னவாவது செய்யலாம்.

அப்புறம் உன் ஒரே சொல். முதுகுப் புண்ணைக் கழுவும்போது அப்பா என் மணிக்கட்டைக் கடிக்கிறார். கடித்துவிட்டு அவரே அழுகிறார். இதற்கு ஒரே சொல் என்ன? கழுவி, துடைத்து, புதுத் துணி கட்டி, அவரைச் சாய்த்து உட்காரவைத்த அதே நிமிடம் மறுபடியும் போய்விடுகிறார். இதற்கு ஒரே சொல் என்ன? எனக்கு ஒரு சொல் தெரியும், அதைப் பெண்பிள்ளை எழுதக் கூடாது.

பேனாவைத் திறந்ததும் அறை முழுக்க ஸ்ட்ராபெரி. மூத்திர வாடைமேல் ஸ்ட்ராபெரி வாசனை வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? மூத்திரம் மட்டும் இருந்த வரைக்கும் தேவலாம். ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டு வந்து பார்த்தால், எலுமிச்சைப் பேனாவை அப்பா எடுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறார். இரண்டு நாள் நாக்கு மஞ்சளாக இருந்தது. சீ, நாலு வருடத்தில் நான் கண்ட குமட்டல்களிலேயே இதுதான் வாசனையானது.

ஆகையால் உன் விதிக்கு உட்பட்டே கேட்கிறேன். அப்பாவை அழைத்துப் போவாயா? "வருகிறேன்" என்பதும் ஒரே சொல், "மாட்டேன்" என்பதும் ஒரே சொல். இரண்டில் ஒன்றை எழுது, நிறம் உன் இஷ்டம்.

நெஸீஹா


துனிஸ்
3 பிப்ரவரி 2009

பிரியமுள்ள அக்காவுக்கு,

கோபமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், வகுப்பிலும் முதல் நாள் முணுமுணுப்பார்கள். நீ விதிகளை முழுமையாகப் பின்பற்றவில்லை. மொஞ்ஜியா போன்றவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் கவனம் சிதறத்தான் செய்யும்.

உன் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது, அக்கா. அதில் பல பக்கங்கள் இருக்கின்றன. அதனால்தான் நானே உட்கார்ந்து, அப்பா விஷயத்தை முறைப்படி ஒரு மனவரைபடமாக வரைந்திருக்கிறேன். இரண்டு மாலை ஆனது. உல்ஃபாகூட, "இவ்வளவு தெளிவா நான் பார்த்ததே இல்ல" என்றாள். போன சனிக்கிழமை வகுப்பில் மாதிரிக்காகப் பலகையில் மாட்டினேன். முப்பது பேரும் கைதட்டினார்கள்.

இதைச் சுவரில் ஒட்டிவைத்து அமைதியாகப் பார். நிலைமை இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்பது உனக்கே புரியும்.

உன் அன்புத் தம்பி
நவ்ஃபல்


அத்தாயா
10 பிப்ரவரி 2009

நவ்ஃபல்,

உன் படம் வந்தது. அமைதியாகப் பார்க்கச் சொன்னாய், பார்த்தேன்.

நடுவில் அப்பா. சிவப்புத் தொப்பி, ரோஜாக் கன்னம், சிரித்த முகம். நீ கடைசியாக அவரை எப்போது பார்த்தாய்? சிரிப்பதற்கு அவருக்கு வாய் ஒரு பக்கம்தான் இருக்கிறது. மேலே ஆரஞ்சுக் கிளையில் "மருந்து". அடுத்து "உணவு". நீலக் கிளையில் "சுத்தம்", நுனியில் ஒரு பூ வேறு. அந்தப் பூவை வந்து மோந்து பார், தம்பி. பிறகு உன் பெயர், அதன்மேல் "பணி". உல்ஃபாவின் பெயர், அதன்மேல் "முதுகுவலி". எல்லாவற்றுக்கும் கீழே, இடம் மிஞ்சிய மூலையில், பச்சைக் கிளையில் என் பெயர். அதன்மேல் ஒரே ஒரு சொல்.

சும்மா.

முதலில் எனக்குப் புரியவில்லை. மொஞ்ஜியாவிடம் காட்டி, "இது என்ன சொல்லுன்னு படி" என்றேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து, அப்பாவின் மூத்திரச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தாள். வந்து, "உன் தம்பி வாயில இதைக் கொட்டியிருக்கணும், தப்புப் பண்ணிட்டேன்" என்றாள்.

நம் பேச்சில் அந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள் என்று உனக்குத் தெரியாதா? வேலைவெட்டி இல்லாதவளும் சும்மா. மீன் இல்லாத கூடையும் சும்மா. உள்ளே ஒன்றுமில்லாமல் கரையில் உருளும் பானையும் சும்மா. நாலு வருடம் நான் செய்ததை வைத்து நீ தேடி எடுத்த சொல் அது. அதை முப்பது பேர் முன்னால் மாட்டினாய். அவர்கள் கைதட்டினார்கள்.

அப்பாவின் பீத்துணியைப் பிரிக்கும்போதுகூட வராத அளவு அருவருப்பு அந்தப் பச்சைக் கிளையைப் பார்க்கும்போது வந்தது. நிஜமாகவே கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்தேன். அப்பாவின் அழுக்கு உடம்பின் அழுக்கு, தண்ணீர் ஊற்றினால் போகும். உன்னுடையதை எதை ஊற்றிக் கழுவ?

பிறகு வந்து உட்கார்ந்தேன். ரவை வந்த பழுப்புக் காகிதப் பையைக் கிழித்துப் பிரித்தேன். செங்குத்தாகத்தான் போட்டேன். நிறம் கிடையாது. படகில் முப்பது வருடம் சீட்டுக் கிழித்தபோது அப்பா காதில் செருகியிருந்த பென்சில் கட்டை ஒன்று இழுப்பறையில் கிடந்தது, அதை எடுத்தேன். நடுவில் அப்பா இல்லை, படமும் இல்லை. "சும்மா" என்று பெரிதாக எழுதினேன். நீ கொடுத்த சொல், அதிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

அவ்வளவுதான், கை நிற்கவில்லை. நேர்க்கோடு, கோணல் கோடு, குறுக்கே வெட்டுகிற கோடு. சொல்லாவது ஒன்றாவது! மனத்தில் வந்ததை வந்தபடி எழுதினேன். ஐந்து மணிக்கு முதல் துணி. இடுப்பின் கீழே தலையணை வைக்காவிட்டால் புண் திறந்துகொள்ளும். மாத்திரையைப் பொடி பண்ணித் தேனில் குழைக்காவிட்டால் துப்பிவிடுவார், அதுவும் என் முகத்தில். சளி கட்டினால் விரலை விட்டு வழிக்க வேண்டும், நகம் இருக்கக் கூடாது. அவரைத் திட்டிவிட்டு நான் அழுவது ஒரு கோடு. மொஞ்ஜியாவின் மகள் கல்யாணத்துக்கு நான் போகாதது ஒரு கோடு. என் கை நாற்றத்தால் பந்தியில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள் என்று நானே நினைத்துக்கொண்டது அந்தக் கோட்டின் குட்டி. காகிதம் போதவில்லை. மாவைக் காய்ச்சிப் பசை பண்ணி இன்னொரு பையை ஒட்டினேன். மொஞ்ஜியா, "என் இடுப்பு பிடிச்சுக்கிட்டதையும் எழுது" என்றாள், எழுதினேன். ஒரு மூலையில், செவ்வாய்க்கிழமை காலையில் அவர் செத்துப்போனால் தேவலை என்று நினைத்தேன் என்று எழுதியிருக்கிறது. நான்தான் எழுதினேன், என் கையெழுத்துத்தான். எழுதும் வரைக்கும் அதை நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. அதிலிருந்து ஒரு கோடு தானாகக் கிளம்பிப் போய், "அப்படி நினைக்கிறவள் இனி அவரைத் தொடக் கூடாது" என்று முடிந்தது.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். இந்த மனவரைபடம் என்பது நல்ல சாமான்தான். அதைக் கெடுத்தது உன் விதிகள். அவற்றைத் தூக்கி அடுப்பில் போட்டதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 28, சனிக்கிழமை, காலை ஏழு மணிப் படகில் அப்பாவைக் கொண்டுவருகிறேன். படகுக்காரர்கள் எல்லாம் அவரோடு வேலை பார்த்தவர்கள், தூக்கி வைப்பார்கள். எட்டே காலுக்கு ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில் நீ வண்டியோடு நிற்க வேண்டும். அவரை உன் கையில் கொடுத்துவிட்டு நான் மஹ்தியா வண்டி ஏறுவேன்.

என் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். மடித்து மடித்துத்தான் உறைக்குள் போனது. கறை என்ன என்று கேட்காதே.

நெஸீஹா


துனிஸ்
17 பிப்ரவரி 2009

அக்கா,

உன் கடிதத்தைப் படித்தேன். என்ன வார்த்தைகள்! நம் அம்மா இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பாள்?

அந்தச் சொல்லை நீ முழுக்கத் தப்பாகப் புரிந்துகொண்டாய். பகலில் அக்கா வீட்டில் இருக்கிறாள், வெளியே வேலைக்குப் போகவில்லை, அதனால் அப்பாவைக் கவனிக்க அவளுக்கு நேரம் இருக்கிறது. இதுதான் என் கருத்து. ஒரு கிளைக்கு ஒரே சொல் என்பதால் அவ்வளவையும் எழுத முடியவில்லை. விதி அப்படி, நான் என்ன செய்வேன்? எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

உன் படத்தையும் பார்த்தேன். பயிற்றுநர் என்ற முறையில் சொல்கிறேன், விதிமீறல்களை எண்ணினேன், பதினொன்று. நடுவில் அப்பாவே இல்லை. எல்லாம் உன்னைப் பற்றியே இருக்கிறது.

28ஆம் தேதி முடியவே முடியாது. அன்று சனிக்கிழமை, எனக்கு வகுப்பு. எங்கள் வீடு மூன்றாவது மாடி, மின்தூக்கி இல்லை. உல்ஃபாவிடம் சொன்னேன். "அந்த வாடை இந்த வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்கிறாள். என் நிலைமையையும் கொஞ்சம் யோசி. கோடை விடுமுறைக்கு நானே வந்து பத்து நாள் தங்கிப் பேசி முடிவு செய்வோம். வேலை இன்னொன்று கிடைக்கும், அப்பா இன்னொருவர் கிடைப்பாரா?

கெஞ்சிக் கேட்கிறேன், அவசரப்படாதே.

நவ்ஃபல்


அத்தாயா
21 பிப்ரவரி 2009

நவ்ஃபல்,

அப்பா இன்னொருவர் உனக்கும் கிடைக்க மாட்டார். அதனால்தான் கொண்டுவருகிறேன்.

நடுவில் அப்பா இல்லை என்கிறாய். நாலு வருடம் அவர் இந்த வீட்டின் நடுவில்தான் படுத்திருக்கிறார், நான் மூலையில். காகிதத்திலாவது ஒருநாள் இடம் மாறினோம்.

மாடிக்குத் தூக்க வகுப்பிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வா. கைதட்டினார்கள் அல்லவா, கை இருக்கும்.

28ஆம் தேதி, எட்டே கால். நீ வராவிட்டால் என்ன செய்வேன் என்பதையும் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்தக் காகிதத்தை உனக்கு அனுப்பவில்லை.

நெஸீஹா


துனிஸ்
29 மார்ச் 2009

அக்கா நெஸீஹாவுக்கு,

ஒரு மாதமாகிவிட்டது. துறைமுகத்தில் நீ அப்பாவின் நெற்றியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய். அப்பாவுக்கென்று நீ கட்டிக் கொடுத்த மூன்று பொட்டலங்களையும் நான் வண்டியில் ஏற்றி முடிப்பதற்குள், வண்டிக்காரன் மூக்கைச் சுளித்து, "ஜன்னலைத் திறந்துவிடு அண்ணே" என்றான். எனக்கு அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. பிறகு பெருநாளன்று நான் செய்தது ஞாபகம் வந்தது.

முதல் நாள் துணியைப் பிரித்துவிட்டு அங்கேயே வாந்தி எடுத்தேன், அவர் போர்வைமேலேயே. அவருடையதையும் என்னுடையதையும் சேர்த்துக் கழுவினேன். அத்தர்க் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு செய்து பார்த்தேன். இப்போது அத்தர் என்றாலே எனக்குக் குமட்டுகிறது, யார் போட்டிருந்தாலும். உல்ஃபா சொன்னபடியே பன்ஸர்த்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு நாள் கழித்து வந்தாள். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளறையில் இருக்கிறாள். பகலுக்கு ஒரு பெண் வந்து கஞ்சி கொடுக்கிறாள், துணியைத் தொட மாட்டாளாம். அது நான் வரும்வரை எனக்காகக் காத்துக் கிடக்கிறது.

என் படத்தைக் கிழித்துவிட்டேன். உன் ரவைப் பையைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். தினமும் காலையில் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்கிறேன். நகம் வெட்டிக்கொண்டேன். தேனில் குழைக்கிறேன். தலையணை வைக்கிறேன். செவ்வாய்க்கிழமை பற்றி நீ எழுதிய அந்த மூலை இருக்கிறதே, அதன் பக்கத்தில் நானும் ஒரு தேதி எழுதியிருக்கிறேன். எந்தத் தேதி என்று கேட்காதே. நான் உன்னைப்போல் நாலு வருடம்கூடத் தாங்கவில்லை, ஒன்பது நாள்.

போன சனிக்கிழமை வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "சார், எனக்குச் சொல்ல வேண்டியது ஒரு சொல்லுல அடங்கல, என்ன பண்ணட்டும்?" என்றாள். நான் பலகைப் பக்கம் கையைத் தூக்கினேன். என் விரல் நாறியது, அக்கா. காலையில் நன்றாகத்தான் கழுவியிருந்தேன். "அடங்கலேன்னா அடங்கலதான், எப்படி வருதோ அப்படி எழுதுங்கம்மா" என்றேன். "அப்ப போன மாசம் எதுக்கு சார் அடிச்சுத் திருத்தினீங்க?" என்று கேட்டாள். முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். தேநீர் இடைவேளை விட்டுவிட்டேன்.

ஒரு விஷயம்தான் உன் படத்தில் இல்லை. புண்ணைக் கழுவும்போது அவர் கடிக்கிறார், எழுதியிருக்கிறாய். கடிக்காமல் இருக்க என்ன செய்வது என்று எழுதவில்லை. என் இரண்டு கையும் பல் பட்டுக் கன்றிக் கிடக்கின்றன. படகிலிருந்து இறக்கிய அன்று உன் மணிக்கட்டில் புதுத் தழும்பு ஒன்றுகூட இல்லை, நான் பார்த்தேன். நீ ஏதோ செய்கிறாய். என்ன செய்கிறாய்?

ஜூனில் கோடை விடுமுறைக்கு விடுதி மூடிவிடும் அல்லவா? அப்போது திரும்பி வந்துவிடுவாயா? கேட்கக் கூடாதுதான், கேட்டுவிட்டேன்.

அந்தச் சொல்லை எழுதியதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு சொல்லில் எழுதினால் போதாது, நிறைய எழுதினால் சாக்குச் சொல்வதுபோல் இருக்கிறது.

உன் தம்பி
நவ்ஃபல்


மஹ்தியா
5 ஏப்ரல் 2009

தம்பி நவ்ஃபலுக்கு,

அக்காவின் ஸலாம்.

கழுவ ஆரம்பிக்குமுன் அவரை இடப்பக்கம் திருப்பு, உன் முகம் அவருக்குத் தெரியட்டும். பிறகு படகு நேரங்களைச் சொல்லிக்கொண்டே கழுவு. ஐந்தே முக்கால், ஏழு, எட்டரை, பத்து, பன்னிரண்டு என்று வரிசையாக, துறைமுகத்தில் அவர் கத்துவாரே, அந்த ராகத்தில். மெதுவாகச் சொல். கடைசிப் படகு போகும்வரை அவர் கேட்டுக்கொண்டிருப்பார், கடிக்க மாட்டார். அவசரத்தில் சொல்லாமல் கழுவிய நாட்களில்தான் எனக்குக் கடி விழுந்தது. ஒரு நேரத்தை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால் இடது கையால் தட்டுவார். அதுதான் அவர் இப்போது பேசுகிற பேச்சு.

அதை நான் படத்தில் எழுதாமல் விட்டது மறதி இல்லை. நாலு வருடத்தில் அந்த ஒன்றுதான் எனக்கென்று இருந்தது, அதை உனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இப்போது கொடுத்துவிட்டேன்.

உன்மேல் இருக்கும் அருவருப்பு இன்னும் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். விரல் நாற்றம்போல, போகப் போகக் குறையலாம். ஜூனில் பதினைந்து நாள் துனிஸுக்கு வருவேன். அந்தப் பதினைந்து நாளும் நீயும் உல்ஃபாவும் எங்காவது போய்விட்டு வாருங்கள். பதினாறாம் நாள் நான் கிளம்பிவிடுவேன்.

இங்கே தொண்ணூறு பெண்களுக்குச் சமைக்கிறேன். முதல் வாரம் கஞ்சியில் உப்பு அதிகம் என்றார்கள், இப்போது இரண்டாவது தடவை கேட்டு வாங்குகிறார்கள். என் தட்டில் போட்டதை நான் முழுதாகச் சாப்பிடுகிறேன், கையால்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள். அடுப்பு மூட்டவில்லை. காலையிலிருந்து கடற்கரைச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறேன், மத்தியானமாகிவிட்டது. வகுப்பில் யாராவது அக்கா என்ன செய்கிறாள் என்று கேட்டால் சொல், அதே சொல்லைச் சொல்.

சும்மா இருக்கிறாள்.

அக்கா
நெஸீஹா